ஒரே ஒரு துப்பாக்கி... 15 ஆட்கொல்லிகள்! கென்னத் ஆண்டர்சனும் அவரது .405 தோட்டாவும்

பென்னாகரத்தில் இருந்து ஒகேனக்கல் போகும் சாலையில் ஒரு தடவையாவது போயிருப்பீங்க. மீன் வறுவல், பரிசல், எண்ணெய் மசாஜ் என்று வண்டிக்கு முன்னாடியே மனசு அருவிக்கு ஓடிவிடும். ஜன்னலுக்கு வெளியே தெரியும் காட்டை யாரும் பெரிசாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் சுமார் 80 வருடங்களுக்கு முன்னால், அதே காட்டில் ஆட்கொல்லி நடமாடுகிறது என்ற செய்தி வந்துவிட்டால், பொழுது சாய்ந்த பிறகு ஒரு மாட்டுவண்டி நகராது. விறகுக்குப் போக ஆள் இருக்காது. மலைக் கிராமங்களில் கதவுக்குப் பின்னால் உரலையும் கட்டிலையும் அண்டக் கொடுத்துவிட்டுத் தூங்காமல் கிடப்பார்கள்.

அப்படிப்பட்ட நேரங்களில் பெங்களூரில் இருந்து ஒருத்தர் காரில் வந்து இறங்குவார். ஆபீஸில் லீவு போட்டுவிட்டு வந்திருப்பார். தமிழும் கன்னடமும் பேசுவார். கையில் அமெரிக்காவில் செய்த ஒரு வின்செஸ்டர் துப்பாக்கி. அதில் போடும் தோட்டாவின் பெயர் .405.

அவர்தான் கென்னத் ஆண்டர்சன். தென்னிந்தியக் காடுகளைப் பற்றிப் படிக்கிறவர்கள் எல்லோரும் எங்கேயாவது ஒரு இடத்தில் இவரைச் சந்தித்தே ஆக வேண்டும். வடக்கே ஜிம் கார்பெட் என்றால் தெற்கே இவர்.

யார் இந்த ஆண்டர்சன்?

1910-ம் ஆண்டு மார்ச் 8-ம் தேதி, செகந்திராபாத் பக்கம் உள்ள பொலாரம் என்ற ராணுவக் குடியிருப்புப் பகுதியில் பிறந்தவர். பூர்வீகம் ஸ்காட்லாந்து. ஆனால் குடும்பம் பல தலைமுறைகளாக இந்தியாவிலேயே வேரூன்றிவிட்டது. அப்பா டக்ளஸ் ஸ்டூவர்ட் ஆண்டர்சன், ராணுவத்தினருக்குச் சம்பளம் கணக்குப் பார்க்கும் துறையில் அதிகாரி. மகன் படித்தது பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியிலும் செயின்ட் ஜோசப் கல்லூரியிலும்.

சட்டம் படிக்கச் சொல்லி எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். பையனுக்கு அந்த ஊரும் ஒட்டவில்லை, அந்தப் படிப்பும் ஒட்டவில்லை. பாதியிலேயே கப்பலேறித் திரும்பி வந்துவிட்டார். தபால் தந்தித் துறையில் 15 வருடம் வேலை. பிறகு பெங்களூரில் விமானத் தொழிற்சாலையில் வேலை. இன்றைக்கு ஹெச்ஏஎல் என்று நாம் சொல்கிற ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்தான் அது. அங்கே திட்டமிடல் பிரிவின் மேலாளர் பொறுப்பு வரை வந்தார்.

இதைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் பெரிய விலங்கு வேட்டை என்றால் ஒன்று ராஜாக்கள், இல்லை கலெக்டர், ராணுவ அதிகாரி மாதிரியான துரைமார்கள். புதுக்கோட்டை உட்பட நம்ம பக்கத்து சமஸ்தானங்களில் மன்னர்கள் வேட்டைக்கென்றே காடுகளை ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. லண்டன் கம்பெனிகள் கையால் இழைத்துச் செய்யும் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றின் விலைக்கு ஒரு வீடே வாங்கலாம் என்பார்கள். ஆண்டர்சன் மாசச் சம்பளக்காரர். லீவு முடிந்தால் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியாக வேண்டும். புலி அகப்படவில்லை என்பதற்காக லீவை நீட்ட முடியாது. அவர் கதைகளில் பல இடங்களில் இந்த லீவுக் கவலை வந்து எட்டிப் பார்க்கும்.

காட்டைக் கற்றுக்கொடுத்தவர்கள்

துப்பாக்கி சுடத் தெரிந்தால் மட்டும் போதாது. காட்டில் காலடி வைப்பதே ஒரு படிப்பு. அந்தப் படிப்பை ஆண்டர்சனுக்குச் சொல்லித் தந்தவர்களில் முக்கியமானவர் பைரா. பூசாரி என்று சொல்லப்படும் பழங்குடியைச் சேர்ந்தவர். ஒகேனக்கல் பக்கத்தில் காவிரியில் கலக்கும் சின்னாற்றங்கரைக் காடுதான் அவருடைய உலகம். தடத்தைப் பார்த்து அது எப்போது பதிந்தது, ஆணா பெண்ணா, நொண்டுகிறதா இல்லையா என்று சொல்லக்கூடியவர். தன் முதல் புத்தகத்திலேயே பைரா பெயரில் ஒரு தனி அத்தியாயம் எழுதியிருக்கிறார் ஆண்டர்சன். பென்னாகரத்துக்காரரான ரங்கா என்பவரும் அவருடைய கதைகளில் அடிக்கடி வருவார். துரையும் வேலைக்காரனும் என்று தொடங்கி, போகப்போக ஒருவர் உயிரை இன்னொருவரிடம் ஒப்படைக்கும் நட்பாக அது மாறிவிடும். அவர் எழுத்தில் மனசைத் தொடும் இடங்கள் இவைதான்.

சரி, அது என்ன .405?

இங்கே கொஞ்சம் தோட்டா பாடம். பயப்படாதீங்க, சிம்பிள்தான்.

தோட்டா என்று நாம் பொதுவாகச் சொல்வது நாலு பொருள் சேர்ந்தது. பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி தட்டும் சின்ன மூடி, உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. விசையை இழுத்ததும் மருந்து எரிந்து வாயுவாகிறது. வாயு குண்டைத் தள்ளுகிறது. கூடு துப்பாக்கியிலேயே நின்றுவிடும். பறப்பது குண்டு மட்டும்தான். .405 மாதிரியான எண்கள் ஏறக்குறைய குண்டின் குறுக்களவை அங்குலத்தில் சொல்கின்றன. ஏறக்குறைய என்று சொல்லக் காரணம், கம்பெனிக்காரர்கள் பெயர் வைப்பதில் அவ்வளவு கறார் கிடையாது. .405 வின்செஸ்டர் குண்டின் உண்மையான அளவு .411 அங்குலம். அதாவது சுமார் 10.4 மில்லிமீட்டர்.

அதற்கு முந்தைய தலைமுறையில் கணக்கே வேறு. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாக உருட்டினால் ஒரு உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாகப் போகிறதோ அது 12 போர். கிராமத்தில் இன்றைக்கும் பன்னிரண்டு போர் என்பார்களே, அதேதான். எட்டாகப் பிரித்தால் 8 போர், நாலாகப் பிரித்தால் 4 போர். எண் குறையக் குறைய குண்டு பெரிசாகும். 4 போர் கணக்குப்படி ஒரு உருண்டையே சுமார் 113 கிராம்! மைசூர் சமஸ்தானத்தில் யானை பிடித்த சாண்டர்சன் போன்றவர்கள் யானைக்கு முன்னால் நின்றது இந்த ராட்சசத் துப்பாக்கிகளோடுதான். உள்ளே போட்டது கரிமருந்து. சுட்டதும் புகை மண்டி எதிரே என்ன நடக்கிறது என்றே தெரியாது. தோள்பட்டை வாங்கும் உதை தனி.

அந்தத் துப்பாக்கிகள் செய்த அழிவும் கொஞ்சநஞ்சம் இல்லை. இலங்கையில் பதுளைப் பக்கம் இருந்த மேஜர் ரோஜர்ஸ் என்ற ஒரே அதிகாரி 1,400-க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார் என்பது கணக்கு. 1845-ல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தபோது, அது யானைகளின் சாபம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஆட்டம் மாறியது. கார்டைட் என்ற புகையில்லா மருந்து வந்தது. நம்ம நீலகிரியில் அரவங்காடு தொழிற்சாலை 1903-ல் தொடங்கப்பட்டதே இந்த மருந்தை ராணுவத்துக்குத் தயாரிக்கத்தான். புது மருந்தின் வலுவால் குண்டு சிறிதானாலும் வேகம் கூடியது, ஊடுருவும் ஆழமும் கூடியது. 1898-ல் ரிக்பி கம்பெனி கொண்டுவந்த .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ், பழைய 8 போரை மூட்டை கட்டி அனுப்பியது.

ஆனால் கார்டைட்டுக்கு ஒரு கெட்ட குணம். வெயிலில் காய்ந்த தோட்டாவைச் சுட்டால் குழலுக்குள் அழுத்தம் எகிறும். சுட்ட கூடு துப்பாக்கியிலேயே சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. காயம்பட்ட புலி பாய்ந்து வரும்போது கூடு சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் செய்த தோட்டாக்களில் கூட்டை வேண்டுமென்றே பெரிதாக, நீளமாக வைத்து அழுத்தத்தைத் தாழ்வாக வைத்தார்கள். விரல் நீளத்துக்கு அந்தத் தோட்டாக்கள் இருந்ததற்குப் பின்னால் இருப்பது நம்ம ஊர் வெயில்!

.450-க்குத் தடை... ஏன்?

இது பலருக்குத் தெரியாத கதை. பிரிட்டிஷ் ராணுவத்தில் ஒரு காலத்தில் புழங்கிய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியின் குண்டும் .450 வகைதான். வேட்டைக்கு என்று வரும் .450 சரக்கு, ஆட்சிக்கு எதிராகக் கிளம்புகிறவர்கள் கையில் இருக்கும் மார்ட்டினிகளுக்குத் தீனியாகிவிடும் என்று அரசு பயந்தது. 1907-ல் இந்தியாவுக்குள் .450 துப்பாக்கிகளும் தோட்டாக்களும் வரக் கூடாது என்று தடை போட்டது.

லண்டன் கம்பெனிகள் சும்மா இருக்குமா? எண்ணை மட்டும் கொஞ்சம் நகர்த்தி .465, .470, .475 என்று வரிசையாக இறக்கின. இன்றைக்கும் உலகம் முழுக்க யானை, காட்டெருமை வேட்டைத் தோட்டா என்றால் முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று .470. அதன் பெரும்புகழுக்கு ஒரு காரணம் இந்தியாவில் ஆங்கிலேயருக்கு இருந்த பயம். வெள்ளைக்கார அரசு தன் துரைமார்களின் வேட்டை ஆசையைவிட இங்குள்ள ஜனங்களின் கோபத்தைத்தான் பெரிதாக மதித்திருக்கிறது.

ஆண்டர்சன் கையில் இருந்தது சின்னதா, பெரிசா?

.405 வின்செஸ்டர் 1904-ல் வந்தது. அதற்கான துப்பாக்கி மாடல் 1895. வடிவமைத்தவர் ஜான் பிரவுனிங். விசைக்குக் கீழே ஒரு நெம்புகோல். அதை முன்னால் தள்ளிப் பின்னால் இழுத்தால் பழைய கூடு வெளியே, புதுத் தோட்டா உள்ளே. ஜெய்சங்கர் கௌபாய் படங்களில் பார்த்திருப்பீங்களே, அந்த ரகம். அடியில் உள்ள பெட்டியில் நாலு தோட்டா போடலாம். இரட்டைக்குழலில் சட்டென்று இரண்டு வெடி கிடைக்கும், அதற்குப் பிறகு கையால் நிரப்ப வேண்டும். இதில் நெம்புகோலை ஆட்டும் நேரம் போனாலும் கூடுதல் வெடிகள் கிடைக்கும். லண்டன் துப்பாக்கியோடு ஒப்பிட்டால் விலை மிகக் குறைவு. சம்பளக்காரருக்குத் தோதானது.

பலம்? .405-ன் குண்டு சுமார் 19 கிராம். வேகம் வினாடிக்கு சுமார் 670 மீட்டர். .470-ன் குண்டு சுமார் 32 கிராம், வேகம் ஏறக்குறைய அதே. ஆற்றலைக் கணக்குப் பார்த்தால் .470 ஒன்றரை மடங்குக்கும் மேல். அதைவிட முக்கியம் ஊடுருவல். .405 குண்டு அகலத்துக்கு ஏற்ற நீளம் இல்லாத குட்டைக் குண்டு. புலி, சிறுத்தை, கரடி என்றால் போதும், தாராளம். யானையின் மண்டை எலும்புக்கு அது குறைவு. அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்கா போனபோது சிங்கத்துக்கு .405-ஐ வைத்துக்கொண்டவர், கனமான விலங்குகளுக்கென்று லண்டனில் செய்த .500/.450 இரட்டைக்குழலையும் கூடவே எடுத்துப் போனார்.

ஆண்டர்சனுக்கு அப்படி ஆளுக்கொரு துப்பாக்கி என்ற வசதி கிடையாது. அவர் கதைகளில் திரும்பத் திரும்ப வருவது இந்த .405 ஒன்றுதான். குழலோடு ஒரு டார்ச்சைக் கவ்வி வைத்துக் கட்டியிருப்பார். பரண் மீது உட்கார்ந்து, ராத்திரி முழுக்க அசையாமல் இருந்து, சத்தம் கேட்டதும் டார்ச்சை அழுத்தி, வெளிச்சத்தில் மின்னும் இரண்டு கண்ணுக்கு நடுவே சுட வேண்டும். எல்லாம் சில கஜ தூரத்தில் நடக்கும். அவ்வளவு கிட்டத்தில் குண்டின் எண்ணைவிட, அது எங்கே படுகிறது என்பதுதான் ஆளின் உயிரைத் தீர்மானிக்கும்.

ஜவளகிரி: பாதியில் நின்ற வெடி

பெரிய தோட்டா எதற்கு? பெரிய விலங்கைக் கொல்ல என்று நினைப்போம். அனுபவசாலிகள் சொல்லும் பதில் வேறு: காயத்தோடு தப்பிக்க விடாமல் இருக்க. இந்த வித்தியாசம் புரிந்தால் ஆண்டர்சனின் வாழ்க்கை முழுக்கப் புரிந்துவிடும்.

தேன்கனிக்கோட்டை பக்கம் இருக்கும் ஜவளகிரி. இன்றைக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம், அன்றைக்கு எல்லாமே சேலம் ஜில்லா. அங்கே ஒரு பெண் புலி. ஆண்டர்சன் எழுதியபடி பார்த்தால், முதலில் அதன் இணையை யாரோ சுட்டுக் கொன்றுவிட்டார்கள். இணையைத் தேடி ராத்திரியெல்லாம் கத்திக்கொண்டு அலைந்த அந்தப் புலியையும் ஒருவர் சுட்டார். குண்டு பட்டது, ஆனால் புலி சாகவில்லை. காயத்தோடு காட்டுக்குள் மறைந்தது. அடுத்து விழுந்தது மனித உயிர். பிறகு வரிசையாக, 15 பேர் வரை.

ஆண்டர்சன் அதைத் தேடி வந்தார். பரண் போட்டுப் பார்த்தார், இரை கட்டிப் பார்த்தார், எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் சூளகுண்டா என்ற இடத்தில், ஆண் புலி மாதிரித் தானே குரல் கொடுத்தார். இணையை இழந்த புலி அந்தக் குரலை நம்பி வந்தது. சுட்டார். இந்தக் கதையைப் படித்து முடிக்கும்போது ஜெயித்த சந்தோஷம் வராது. வயிற்றைப் பிசையும். ஊர் பிழைத்தது நிஜம். அந்தப் புலியை ஆட்கொல்லியாக்கியது இன்னொரு மனிதனின் சரியாகப் படாத குண்டு என்பதும் நிஜம்.

வடக்கேயும் இதே கதைதான். 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண் புலியை 1907-ல் ஜிம் கார்பெட் சுட்டார். வாயைத் திறந்து பார்த்தால், வலது பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம். மானைப் பிடித்துக் கடிக்க முடியாத புலி, ஓடத் தெரியாத இரையைத் தேடி வந்திருக்கிறது.

கிராமத்துப் பக்கம் இருந்த நாட்டுத் துப்பாக்கிகளும் இதில் சேர்த்தி. வயலுக்கு வரும் காட்டுப் பன்றியை விரட்ட வைத்திருக்கும் துப்பாக்கியில் ஆணித் துண்டும் ரவையும் போட்டு, மாடு அடிக்க வந்த சிறுத்தை மேல் சுட்டால், அது சாகாது. காலில் சீழ் பிடித்து, வேட்டையாட முடியாமல், நாய்க்கும் ஆட்டுக்கும் வந்து, பிறகு குழந்தைகளுக்கு வரும். ஆட்கொல்லி என்பது பிறவிக் குணம் இல்லை, ஏதோ ஒரு காயத்தின் தொடர்ச்சி என்று ஆண்டர்சன் பல இடங்களில் எழுதியிருக்கிறார்.

காயம் எப்போதும் குண்டாலேயே வந்தாக வேண்டும் என்றும் இல்லை. கும்மளாபுரத்தில் 42 பேரைக் கொன்ற சிறுத்தை ரொம்பப் பிரபலம். வீடு புகுந்தே ஆளைத் தூக்கும். அதைச் சுட்ட பிறகு பாதத்தைப் பார்த்தால், முள்ளம்பன்றி முள் ஒடிந்து உள்ளேயே புதைந்து கிடந்ததாம். அந்த ஊரில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு தெருநாய், இருட்டில் உறுமி ஆண்டர்சனை உஷார்ப்படுத்தியது. வேலை முடிந்ததும் அந்த நாயைக் கையோடு பெங்களூர் கூட்டிப்போய் நிப்பர் என்று பெயர் வைத்து வளர்த்தார். ஆட்கொல்லிக் கதைகளுக்கு நடுவே ஒரு நல்ல செய்தி.

நீலகிரிச் சாரலில் ஐந்து பேரைக் கொன்ற சீகூர் புலியும் வேட்டையாட முடியாத உடல் ஊனத்தோடு இருந்ததாகவே எழுதினார். விதிவிலக்கு மாதிரித் தெரிவது கர்நாடகத்தில் அரசிக்கெரே பக்கம் திரிந்த ஒரு கரடி. குறைந்தது 12 பேரைக் கொன்று, இன்னும் இருபதுக்கும் மேற்பட்டோரின் முகத்தைக் கிழித்துப் போட்டது. தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவனும் அதற்குப் பலியானதால்தான் ஆண்டர்சன் அதைத் தேடிப் போனார். முதல் இரண்டு முயற்சியும் வீண். மூன்றாவது தடவைதான் சிக்கியது.

காயம்பட்டதை விட்டுவிட்டுப் போகக் கூடாது

தன் குண்டே சரியாகப் படாமல் போன சமயங்களை ஆண்டர்சன் மறைக்கவில்லை. அப்படி ஆனால் விடிந்ததும் ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு புதருக்குள் போவார். வேட்டையில் ஆள் சாவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். காயம்பட்ட சிறுத்தை ஓடாது, பதுங்கிக் காத்திருக்கும். உயரம் குறைந்த புதருக்குள் ஐந்தடி தூரத்தில் இருந்து பாயும். துரைமார்களில் சிலர் இந்த வேலையைக் கூலிக்கு வந்தவர்களிடம் தள்ளிவிட்டு ஜீப்பில் உட்கார்ந்திருந்தது உண்டு. ஆண்டர்சன் அதைச் செய்யவில்லை என்பதுதான் அவர்மேல் உள்ளூர்க்காரர்களுக்கு இருந்த மரியாதைக்கு அடிப்படை.

1939 முதல் 1966 வரையிலான அரசுப் பதிவுகளில் அவர் சுட்ட ஆட்கொல்லிகள் என்று உள்ள கணக்கு: சிறுத்தை 8, புலி 7. மொத்தம் 15. சிறுத்தையில் ஏழு ஆண், ஒன்று பெண். புலியில் ஐந்து ஆண், இரண்டு பெண். பதிவில் வராதது இன்னும் அதிகம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வின்செஸ்டர் கம்பெனி .405 தோட்டா தயாரிப்பை 1950-களின் நடுவிலேயே நிறுத்திவிட்டது. அதாவது அவரது கணக்கின் கடைசிப் பத்து வருடம், கம்பெனியே கைவிட்ட தோட்டாவின் காலம். இப்போது அமெரிக்காவில் பழைய நினைவுக்காக அந்தத் துப்பாக்கியையும் தோட்டாவையும் மறுபடி செய்து விற்கிறார்கள். ரூஸ்வெல்ட் பெயரைச் சொல்லித்தான் விற்பனை. தென்னிந்தியாவில் அதை வைத்து ஒரு வாழ்க்கையே ஓட்டிய மனிதரைப் பற்றி அங்கே அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

எழுத்தாளர் ஆனது எப்படி?

1954-ல் முதல் புத்தகம், ‘நைன் மேன் ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக்’. ஒன்பது ஆட்கொல்லிகள், ஒரு மதயானை. அந்த யானை பனப்பட்டி யானை. அதற்குப் பிறகு எல்லகிரி சிறுத்தை, முண்டச்சிப்பள்ளம் புலி, சிவனிப்பள்ளி கருஞ்சிறுத்தை என்று புத்தகம் மேல் புத்தகம். நமக்கு இவை எல்லாம் வெறும் ஊர்ப் பெயர்கள் இல்லை. பஸ் ஏறினால் போய் இறங்கிவிடக்கூடிய இடங்கள். அதுதான் கார்பெட்டைப் படிப்பதற்கும் இவரைப் படிப்பதற்கும் ஒரு தமிழ் வாசகருக்கு உள்ள வித்தியாசம்.

சொன்னது எல்லாம் அப்படியே நடந்ததா என்ற சந்தேகம் அவர் காலத்திலேயே இருந்தது. கார்பெட் அடக்கி வாசிப்பார், ஆண்டர்சன் கொஞ்சம் வர்ணம் பூசுவார். இணையைப் பறிகொடுத்த புலியின் மனசுக்குள்ளேயே போய்க் கதை சொல்வார். பேய், மந்திரம் மாதிரி விஷயங்களிலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது, அதையும் எழுதினார். சில பக்கங்களைக் கதையாகத்தான் படிக்க வேண்டும். ஆனால் காடு எப்படி வாசனை அடிக்கும், லங்கூர் குரங்கு எந்தச் சத்தம் போட்டால் சிறுத்தை வருகிறது என்று அர்த்தம், மாட்டைப் பறிகொடுத்த ஒரு சம்சாரியின் முகம் எப்படி இருக்கும்... இவற்றைப் பார்க்காமல் எழுத முடியாது.

துப்பாக்கியைக் கீழே வைத்த காலம்

வயது ஏற ஏற ஆண்டர்சன் வேட்டையை விட்டுவிட்டுப் பார்ப்பதிலும் படம் பிடிப்பதிலும் இறங்கினார். இரவு முழுக்கக் காட்டில் உட்கார்ந்திருப்பார், சுடுவதற்காக இல்லை. தென்னிந்தியாவில் காட்டுயிர்களைக் காப்பாற்ற வேண்டும் என்று முன்கூட்டியே பேசியவர்களில் அவர் பெயரும் உண்டு. அவர் இளைஞராக அலைந்த காடுகள் கண்ணெதிரே சுருங்கின. ஜீப்பும் சக்திவாய்ந்த ஸ்பாட்லைட்டும் வந்த பிறகு, பரணும் இல்லை, தடம் பார்ப்பதும் இல்லை; ரோட்டில் போகிறபோக்கில் சுட்டுத் தள்ளினார்கள். அந்த ஆட்களை அவர் கடுமையாக வெறுத்தார். அவர் கையிலும் துப்பாக்கி இருந்ததே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆட்கொல்லி இல்லாத விலங்குகளையும் ஒரு காலத்தில் சுட்டவர்தான் அவர். பின்னாளில் அவர் எழுத்தில் கவியும் வருத்தத்தில் அதற்கும் பங்கு இருக்கிறது.

1972-ல் நடந்த கணக்கெடுப்பில் நாடு முழுக்கப் புலிகள் 1,827 என்று தெரிந்தது. அதே ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்த வருடம் புலிகள் பாதுகாப்புத் திட்டம். பொழுதுபோக்குக்காகப் புலி சுடும் காலம் சட்டப்படி முடிந்தது. 1974 ஆகஸ்ட் 30-ம் தேதி பெங்களூரில் ஆண்டர்சன் காலமானார். புராஸ்டேட் புற்றுநோய். வயது 64. கடைசிப் புத்தகம் 1976-ல், அவர் போன பிறகு வெளியானது. மகன் டொனால்டும் வேட்டைக்காரராக இருந்தவர்தான். அவர் 2014-ல் இறந்தார்.

இப்போது அந்தக் காடுகள்?

ஆண்டர்சன் சுற்றிய காவிரிக் கரைக் காடுகளில் பெரும்பகுதி இப்போது சரணாலயம். 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2022-ல் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்கு சரணாலயம். தமிழகத்தில் 2022 மதிப்பீட்டின்படி புலிகள் 306.

ஆட்கொல்லிப் பிரச்சினை முடிந்துவிட்டதா என்றால், இல்லை. 2021 செப்டம்பரில் கூடலூர், மசினகுடி மக்கள் பல நாள் வீட்டைவிட்டு வெளியே வரவே பயந்தார்கள். டி23 என்று வனத்துறை எண் கொடுத்திருந்த புலி நாலு பேரைக் கொன்றதாகப் புகார். சுட்டுக் கொல்லுங்கள் என்று ஊர்க்காரர்கள் சாலை மறியல் செய்தார்கள். ஆடுமாடு மேய்த்துப் பிழைக்கிறவர்கள், அவர்கள் கோபத்தில் தப்பு சொல்ல முடியாது. வேட்டையாட உத்தரவும் வந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போனது. உடனே கொன்றுவிட வேண்டாம், உயிரோடு பிடிக்கப் பாருங்கள் என்றது நீதிமன்றம்.

கும்கி யானை, மோப்ப நாய், ட்ரோன், கேமரா என்று 21 நாள் தேடல். கூடவே தடம் பார்க்கத் தெரிந்த பழங்குடி வனக் காவலர்கள். ஆண்டர்சனுக்குப் பைரா செய்த அதே வேலையை இவர்கள் செய்தார்கள். இடமும் கிட்டத்தட்ட அதேதான்: ஐந்து பேரைக் கொன்ற புலியை அவர் .405-ஆல் சுட்ட அந்தச் சீகூர் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய காடு.

மயக்க ஊசித் துப்பாக்கிக்கும் ஒரு விதி உண்டு. தூரத்தில் இருந்து போட முடியாது, கிட்டத்தில் போக வேண்டும். ஊசி பட்ட பிறகும் புலி உடனே விழாது. மருந்து வேலை செய்யும் வரை அதன் பின்னாலேயே நடக்க வேண்டும். புதர், இருட்டு, மழை. கையில் பித்தளைக் கூட்டில் அடைத்த ஈயக் குண்டுக்குப் பதிலாக ஒரு சிரிஞ்ச். அக்டோபர் 15-ம் தேதி மசினகுடி பக்கத்தில் டி23 மயங்கிச் சரிந்தது. வயதான புலி, உடம்பில் காயங்கள். கூண்டில் ஏற்றி மைசூரு மறுவாழ்வு மையத்துக்குக் கொண்டுபோனார்கள்.